ஆங்கிலம், புவியியல் பட்டதாரி ஆசிரியர் ஆவது எப்படி? பட்டப்படிப்பு முதல் பணி ஆணை வரை

பி.எட். முடித்து, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் செய்து, டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் வந்து நின்றுவிடுவதுண்டு. ஏன் என்று தேடிப்போனால், பல வருடம் முன்பு எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள், எந்த வழியில் பி.எட். படித்தார்கள், எந்தச் சான்றிதழை வாங்காமல் விட்டார்கள் என்பதில் போய் முடியும். அப்போது யாராவது சொல்லியிருந்தால் ஒரு நாளில் சரிசெய்திருக்கலாம். தமிழ்நாட்டில் 6 முதல் 10ஆம் வகுப்பு வரை ஆங்கிலம் அல்லது புவியியல் ஆசிரியராக விரும்புகிறவர்கள் எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் எந்தப் பணியிடம் என்று முடிவு செய்யுங்கள்

6 முதல் 10 வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். 11, 12 எடுப்பவர் முதுகலை ஆசிரியர். இரண்டுக்கும் தகுதி வேறு, தேர்வும் வேறு.

நம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் பணியிடம், புவியியலுக்கு வேறொரு பணியிடம். ‘இரண்டையும் சேர்த்து எடுக்கிறேன்’ என்று விண்ணப்பிக்க வழியில்லை. இரண்டு பாடத்திலும் ஆசை இருந்தாலும் நியமனத்துக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது இதையும் யோசியுங்கள். ஆங்கில ஆசிரியர் ஆங்கிலம் மட்டும்தான் எடுப்பார். புவியியல் ஆசிரியராகப் போகிறவர் சமூக அறிவியல் முழுவதையும் எடுக்க வேண்டும்: வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே புத்தகம், பொதுத்தேர்வில் ஒரே தாள். வரலாறு எடுக்கப் பிடிக்காதவருக்குப் புவியியல் பணியிடம் நிம்மதி தராது.

பட்டதாரி ஆசிரியர் ஊதியம் 36,400 – 1,15,700 ரூபாய் என்ற நிலையில் தொடங்குகிறது. முதுகலை ஆசிரியருக்கு 36,900 – 1,16,600. வித்தியாசம் சிறிதுதான். ஆகவே ஊதியத்துக்காக மட்டும் எம்.ஏ.வுக்கு ஓட வேண்டாம். மேல்வகுப்பில் பாடத்தை ஆழமாக நடத்த ஆசை இருந்தால் போங்கள்.

2. பட்டப்படிப்பு: பிழை இங்கேதான் தொடங்குகிறது

ஆங்கிலத்துக்கு பி.ஏ. ஆங்கில இலக்கியம். புவியியலுக்கு பி.ஏ. அல்லது பி.எஸ்சி. புவியியல். இந்தப் பெயரிலேயே பட்டம் இருந்தால் பிற்பாடு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பயன்பாட்டு ஆங்கிலம், தகவல் தொடர்பு ஆங்கிலம், பயன்பாட்டுப் புவியியல் என்று கொஞ்சம் மாறிய பெயரில் பட்டம் இருந்தால், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று தமிழ்நாடு அரசின் அரசாணை இருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் அந்த ஆணையில் இருக்கின்றனவா என்று சேரும்போதே பாருங்கள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கல்லூரி அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி மூன்று வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

புவியியல் துறை எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. சென்னையில் மாநிலக் கல்லூரி, இராணி மேரி கல்லூரி, வெளியே கோவை, கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரிகள் என்று தேடித்தான் சேர வேண்டியிருக்கும். விடுதி, பயணச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று:

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்று வருடப் பட்டம் என்ற வரிசை உடையக்கூடாது. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு பி.எட். கதவு திறக்காது.

ஒரு பட்டம் முடித்தபின் ஒரே வருடத்தில் வாங்கும் ‘கூடுதல் பட்டம்’ பி.எட். சேர்க்கைக்குச் செல்லாது. பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு ஒரு வருடத்தில் புவியியலும் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

பின்னாளில் முதுகலை ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் ஒரே பாடத்தில் இருக்கட்டும். பி.ஏ. புவியியல், எம்.ஏ. ஆங்கிலம் என்று பாடம் மாற்றிப் படித்தவர்கள் இரண்டு பக்கமும் சிக்கிக்கொள்கிறார்கள்.

3. பி.எட். தகுதியும் விண்ணப்பமும்

தமிழ்நாட்டில் பி.எட். சேரப் பட்டப்படிப்பில் வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்: பொதுப் பிரிவு 50 சதவீதம், பி.சி. 45, எம்.பி.சி. மற்றும் டி.என்.சி. (சீர்மரபினர்) 43, எஸ்.சி., எஸ்.டி. 40. 44.8 இருந்தால் 45 என்று முழுமையாக்க மாட்டார்கள். அரைப் புள்ளி குறைகிறது என்றால், விண்ணப்பம் வருவதற்குள் மதிப்பெண் உயர்த்தும் தேர்வு எழுத உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று கேளுங்கள்.

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் இடங்களுக்கு விண்ணப்பமும் கலந்தாய்வும் இணையத்தில் நடக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் அண்மை வருடங்களில் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. தேதிதான் தலைவலி. 2023, 2024 இரண்டு வருடமும் செப்டம்பரில் விண்ணப்பம் வாங்கினார்கள். 2025இல் ஜூனிலேயே திறந்துவிட்டார்கள். செப்டம்பர்தானே என்று இருந்தவர்கள் அந்த வருடத்தைத் தவறவிட்டிருப்பார்கள். இறுதி செமஸ்டர் தேர்வு முடிந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை அறிவிப்பைப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: 10, 11, 12 மதிப்பெண் சான்றிதழ்கள், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நிரந்தரச் சாதிச் சான்றிதழ். முன்னாள் படைவீரர் குடும்பம், மாற்றுத்திறனாளி போன்ற சிறப்பு ஒதுக்கீடு கேட்பவர்கள் அதற்கான சான்றிதழை விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கிவைக்க வேண்டும். அரியர் எழுதித் தேர்ச்சி பெற்ற செமஸ்டருக்குப் பழைய பட்டியல், புதிய பட்டியல் இரண்டையும் வையுங்கள்.

4. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

அரசுக் கல்லூரிகள் ஏழு: சென்னையில் சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், மற்றவை வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, கோவை. லேடி வெலிங்டனும் கோவையும் பெண்களுக்கானவை. உதவிபெறும் கல்லூரிகள் பதினான்கு. மெஸ்டன், பாளையங்கோட்டை சவேரியார், மதுரை தியாகராஜர், கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா ஆகியவை அதில் சேர்ந்தவை. இந்த இருபத்தொன்றில் ஒன்றில் இடம் கிடைத்தால் வீட்டிலிருந்து தூரம் என்று விடாதீர்கள். தனியார் கல்லூரிக்குக் கட்டும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் விடுதிச் செலவு சேர்ந்தும் குறைவாகவே வரும்.

தனியார் கல்லூரிதான் என்றால் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, என்.சி.டி.இ. (ஆசிரியர் கல்விக்கான தேசிய மன்றம்) அங்கீகாரமும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு நடப்பில் இருக்கின்றனவா. இரண்டு, உங்கள் பாடத்துக்குக் கற்பித்தல் முறை ஆசிரியர் அங்கே உண்மையில் இருக்கிறாரா. புவியியலுக்கு இது மிக முக்கியம். சேரும் மாணவர்கள் குறைவு என்பதால் சில கல்லூரிகளில் புவியியலுக்கென்று தனி ஆசிரியரே இருக்க மாட்டார். வரலாற்று ஆசிரியரே பார்த்துக்கொள்வார். வரைபடப் பயிற்சி அங்கே பெயருக்குத்தான் நடக்கும்.

இப்போது பெரிய பொறிக்கு வருவோம். ‘கல்லூரிக்கு வரவே வேண்டாம், தேர்வு எழுதினால் போதும்’ என்று வெளிமாநிலக் கல்லூரிகளின் பெயரில் தரகர்கள் வருவார்கள். என்.சி.டி.இ. விதிப்படி பி.எட். இரண்டு வருடம், வருடத்துக்கு 200 வேலை நாள், வகுப்பு வருகை 80 சதவீதம், பள்ளிப் பயிற்சியில் 90 சதவீதம். வருகையே இல்லாமல் வாங்கிய பட்டத்தின் உண்மைத்தன்மை நியமனத்தின்போதும் அதன் பின்னும் கேள்விக்கு வரும். வேலை கிடைத்தபின் பட்டம் செல்லாது என்றால் இழப்பு பல மடங்கு. அதுபோல, தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கும் பணியில் உள்ளவர்களுக்கும் ஆனது. நேராகப் பட்டம் முடித்து வருபவர்களுக்கு அது இல்லை.

அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியிலும் மொத்தமாகக் கொடுத்துவைக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழைத் தவிர மற்றதைச் சரிபார்த்ததும் திருப்பி வாங்குங்கள். நடுவில் டெட் அல்லது வேறு தேர்வின் சரிபார்ப்பு வந்தால் அவற்றுக்காக அலைய வேண்டியிருக்கும்.

புவியியல் படித்தவர்கள் பயிற்று மொழியில் கவனமாக இருங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து பணிக்கான தகுதிப் படிப்பு வரை முழுவதும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். பட்டம் வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கௌரவத்துக்காக பி.எட்.டை மட்டும் ஆங்கில வழியில் எடுத்தால் அந்த முன்னுரிமை போய்விடும்.

5. பி.எட். இரண்டு வருடம்

கோட்பாட்டுத் தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உளவியலும் கற்பித்தல் முறையும் ஒழுங்காகப் படித்தால் டெட்டுக்கும் டி.ஆர்.பி.க்கும் அதுவே உதவும். கஷ்டப்படுத்துவது செய்முறைப் பகுதி.

நுண்ணிலைக் கற்பித்தலில் தொடங்கும். ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்து, சக மாணவர்கள் ஐந்து பத்துப் பேர் முன்னால் நடத்த வேண்டும். நம் கல்லூரிகளில் பின்பற்றும் சுற்று 36 நிமிடம்: கற்பித்தல் 6, கருத்துக் கேட்டல் 6, திருத்தித் திட்டமிடல் 12, மறுபடி கற்பித்தல் 6, மறுபடி கருத்து 6. பலர் முதல் ஆறு நிமிடத்தோடு முடித்துவிட்டு மீதியை ரெக்கார்டில் எழுதி நிரப்புகிறார்கள். மறுபடி நடத்தும் அந்த ஆறு நிமிடத்தில்தான் கை பழகும். தயவுசெய்து அதை விடாதீர்கள்.

பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. பள்ளிக்குப் போகும் முதல் வாரத்திலேயே வழிகாட்டி ஆசிரியரிடம் பாடப் பகிர்வை வாங்கி, எந்த வாரம் எந்தப் பாடம் உங்களுக்கு என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் காலாண்டுத் தேர்வு, விளையாட்டு விழா, பண்டிகை விடுமுறை என்று வாரங்கள் கரைந்துபோய், கடைசி மூன்று வாரத்தில் வகுப்பு எடுக்க இடம் கேட்டு நிற்பீர்கள்.

ஆங்கில வகுப்பில் பயிற்சி ஆசிரியர்கள் செய்யும் முதல் தவறு, ஒரு வரி படிப்பது, அதைத் தமிழில் சொல்வது, அடுத்த வரி படிப்பது. வகுப்பு அமைதியாக இருக்கும். மாணவர் காதில் ஆங்கிலம் தங்காது. ஒரு பத்திக்கு ஐந்தாறு கடினச் சொற்களை மட்டும் முன்பே படமாகவோ செய்கையாகவோ காட்டிவிட்டு, பத்தியை இரண்டு முறை வாசித்து, எளிய கேள்வி கேளுங்கள். இலக்கணத்தில் விதியைக் கரும்பலகையில் எழுதி ஆரம்பிக்காதீர்கள். ‘ஐ ஹேவ் ஈட்டன்’, ‘ஐ ஏட் யெஸ்டர்டே’ இரண்டையும் பல வாக்கியங்களில் அடுத்தடுத்துக் கேட்கவைத்து, முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிடும் சொல் வந்தால் ‘ஹேவ்’ ஏன் காணாமல் போகிறது என்று அவர்களையே சொல்லவையுங்கள். ‘ஐ ஹேவ் ஈட்டன் யெஸ்டர்டே’ என்பது நம் மாணவர்களிடம் மிக அதிகமாக வரும் பிழை. அந்த வகுப்புக்கு நீங்கள் எழுதும் பாடத்திட்டத்தில் அதையே நோக்கமாக வைத்தால் மேற்பார்வையாளருக்கும் நீங்கள் வகுப்பைப் பார்த்திருக்கிறீர்கள் என்பது புரியும்.

புவியியலில் வரைபடம் இல்லாமல் வகுப்புக்குள் போகாதீர்கள். இந்தியா, தமிழ்நாடு இரண்டின் எல்லைக்கோட்டையும் பார்க்காமல் கரும்பலகையில் இரண்டு நிமிடத்துக்குள் வரையக் கை பழகியிருக்க வேண்டும். தொங்கவிடும் வரைபடம் கடைசி வரிசைக்குத் தெரியாது. நீங்கள் வரைவது தெரியும். காரணத்தைக் கோட்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றைச் சுண்ணக்கட்டியால் இழுத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டவைத்தால், தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஏன் மழை மறைவுப் பகுதி, நமக்கு ஏன் வடகிழக்குப் பருவமழை முக்கியம் என்பது தனியாக விளக்காமலே வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயில் ஓர் இடைவெளி விட்டு வரைந்தால் அடுத்த கேள்வியை மாணவர்களே கேட்பார்கள். சம உயரக் கோட்டுக்கு அட்டையை வெட்டி அடுக்கிய மாதிரி ஒன்று செய்துவையுங்கள்; கற்பித்தல் துணைக்கருவிக்கான மதிப்பெண்ணும் அதிலேயே வரும்.

ரெக்கார்டு நோட்டுகள் பல: பாடத்திட்டம், நுண்ணிலைக் கற்பித்தல், உளவியல் சோதனை, தனிநபர் ஆய்வு, செயலாராய்ச்சி, தேர்வும் மதிப்பீடும். செய்முறைத் தேர்வுக் குழு பார்ப்பது இவற்றைத்தான். தேதி, வகுப்பு, பிரிவு, வழிகாட்டி ஆசிரியர் கையொப்பம் அன்றன்றே வாங்குங்கள். மொத்தமாகப் பின்னால் வாங்கினால், ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் வகுப்பு எடுத்ததாக எழுதி மாட்டிக்கொள்வீர்கள். அட்டை, நோட்டு, நகல், அச்சு, பள்ளிக்குப் போகவரப் பேருந்து என்று கல்லூரிக் கட்டணத்துக்கு வெளியே தனிச் செலவு உண்டு. அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

6. டெட் இரண்டாம் தாள்

6 முதல் 8 வரை எடுக்க இந்தத் தகுதி கட்டாயம். பட்டதாரி ஆசிரியர் பணியில் அந்த வகுப்புகளும் அடக்கம் என்பதால் உங்களுக்குத் தப்ப வழியில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கும் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்து.

150 கேள்வி, 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் அல்லது வேறு முதல் மொழி 30, ஆங்கிலம் 30, பாடப்பகுதி 60. அந்த 60 கணிதம்–அறிவியலாகவோ சமூக அறிவியலாகவோ இருக்கும். புவியியல் படித்தவருக்குச் சமூக அறிவியல்தான். ஆங்கிலம் படித்தவர் இரண்டில் எதையும் எடுக்கலாம். பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்கள் சமூக அறிவியலையே எடுங்கள். பொதுப் பிரிவில் தேர்ச்சிக்கு 90 வேண்டும். மற்ற பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அது அரசாணை வழியே மாறி வந்திருப்பதால், எழுதும் வருட அறிவிக்கையில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 தேர்வுக்குக் கட்டணம் 600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 300.

இந்தத் தேர்வு வருடாவருடம் வருவதில்லை. அதனால் பி.எட். இறுதி ஆண்டில் இருக்கும்போதே அறிவிப்பு வந்து, உங்களை அனுமதித்தால், உடனே எழுதிவிடுங்கள். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும்.

படிப்பதற்கு 6 முதல் 10 வரையிலான அரசுப் பாடநூல்களே அடித்தளம். புவியியல் மாணவர்கள் வரலாற்றிலும், ஆங்கில மாணவர்கள் தமிழ் இலக்கணத்திலும் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். வலுவான பாடத்தை இரண்டாவது முறை படிப்பதற்கு முன் இவற்றை ஒருமுறை முடியுங்கள்.

7. டி.ஆர்.பி. நியமனத் தேர்வு

டெட் பாஸ் செய்தால் வேலை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2018இல் வந்த அரசாணை 149இன்படி அதற்குப் பிறகு தனி நியமனத் தேர்வு உண்டு. 2023 அக்டோபரில் அறிவிக்கை வந்து 2024 பிப்ரவரி 4 அன்று நடந்த தேர்வு இந்த முறையில்தான்: முதலில் தமிழ் தகுதித் தாள், 50 மதிப்பெண், 20 எடுத்தால் போதும், பிறகு உங்கள் பாடத்தில் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்த் தாளில் 20 வராவிட்டால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த ஆங்கில மாணவர்கள் இதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம்.

பாடத் தாளின் தரம் பட்டப்படிப்பு அளவு. டெட்டுக்குப் படித்த பாடநூல் அறிவை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பற்றாது. அந்த அறிவிக்கையில் வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. ஆகவே தாமதமாகப் படித்தவர்களும் தயங்க வேண்டாம்.

முதுகலை ஆசிரியருக்கு டெட் தேவையில்லை. அந்தத் தேர்வில் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10, அதோடு தமிழ் தகுதித் தாள்.

8. கேந்திரிய வித்யாலயா பக்கம் போக நினைத்தால்

அங்கே விதி வேறு. வேண்டியது மாநில டெட் அல்ல, சி.டெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள். சமூக அறிவியல் ஆசிரியராக, வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் நான்கில் இரண்டைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். அதில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. புவியியலுக்குத் துணைப்பாடமாக என்ன வைத்திருக்கிறார்கள், எத்தனை செமஸ்டர் என்பதைப் பொறுத்துத் தகுதி போய்விடலாம். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்தின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இட ஒதுக்கீட்டிலும் ஒரு சிக்கல்: மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. மத்தியப் பட்டியல்படி ஓ.பி.சி. சான்றிதழ், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற உறுதியோடு, தாசில்தாரிடம் தனியாக வாங்க வேண்டும்.

9. சரிபார்ப்புக்கான கோப்பு

இதை பி.எட். சேரும் நாளிலேயே தொடங்குங்கள். எல்லாச் சான்றிதழிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ‘எஸ். கவிதா’, பட்டத்தில் ‘கவிதா எஸ்.’, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக என்றால், விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதையே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள், மாதக்கணக்கில் ஆகும்.

தமிழ்வழிச் சான்றிதழ்களைப் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் உரிய படிவத்தில் தனித்தனியாக வாங்க வேண்டும்: தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலை, மேல்நிலை, கல்லூரி, பி.எட். கல்லூரி. மூடப்பட்ட தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும். சரிபார்ப்பு அழைப்பு வந்தபின் கிடைக்கும் சில நாளில் இது முடியாது.

பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும் என்பதால் தற்காலிகச் சான்றிதழையும் தொகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாக வையுங்கள். இணைப் பட்டத்துக்கான அரசாணை நகல், நன்னடத்தைச் சான்றிதழ், டெட் சான்றிதழ் ஆகியவற்றை அச்செடுத்து அதே கோப்பில் சேர்த்து, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். டி.ஆர்.பி. பதிவுக்குக் கொடுத்த கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றாதீர்கள். அழைப்பும் கடவுச்சொல்லும் அங்கேதான் வரும்.